பிள்ளைகளைப் பார்க்க டாக்டர் வருகிறார்... டீச்சரைப் பார்ப்பது யார்? பள்ளி சுகாதாரத் திட்டத்தில் விடுபட்ட பெயர்!

அரசுப் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தால் என்ன நடக்கும்? மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். எடை, உயரம், கண், பல், காது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வரிசையைச் சரி செய்வது, பெயர் வாசிப்பது, அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது, பதிவேட்டில் எழுதுவது எல்லாம் டீச்சரின் வேலை. குழு கிளம்பும்போது ஒவ்வொரு மாணவரின் எடையும் அந்தப் பதிவேட்டில் இருக்கும். டீச்சரின் பிரஷர் எவ்வளவு என்பது மட்டும் எங்கும் இருக்காது. பல நேரம் அந்த டீச்சருக்கே அது தெரியாது.

பள்ளி என்பது மாணவர்கள் படிக்கும் இடம் மட்டுமில்லை. ஆசிரியர், அலுவலகப் பணியாளர், சத்துணவு சமையலர், துப்புரவுப் பணியாளர் என்று பலர் வேலை பார்க்கும் இடமும்கூட. அப்படியென்றால், பள்ளிக்கென்று இருக்கும் சுகாதார ஏற்பாடு இவர்களையும் கவனிக்க வேண்டாமா? வெளிநாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்? தமிழ்நாட்டில் இப்போது என்ன இருக்கிறது, என்ன இல்லை? விரிவாகப் பார்க்கலாம்.

பள்ளி சுகாதாரம் இப்போது யாருக்கு?

ஆர்.பி.எஸ்.கே எனப்படும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்புவதுதான் நோக்கம். இதற்காக நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் போகின்றன. இதயத்தில் ஓட்டை, காது கேளாமை, பார்வைக் குறைபாடு என்று எத்தனையோ பிள்ளைகளின் பிரச்சினை முதலில் தெரியவந்தது இந்தப் பரிசோதனையில்தான். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை.

இதோடு குடற்புழு நீக்க மாத்திரை, வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை என்று தொடர் திட்டங்கள் உண்டு. மாத்திரையைக் கையில் கொடுத்து, முழுங்கினார்களா என்று பார்ப்பதும் ஆசிரியர்தான்.

2020 பிப்ரவரியில் இன்னொரு படி கூடியது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி நலவாழ்வுத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அவர்களை 'நலவாழ்வுத் தூதர்'களாக ஆக்குவது இதன் மையம். ஊட்டச்சத்து, மனநலம், போதைப்பொருள் தடுப்பு உட்பட 11 தலைப்புகளில் மாணவர்களுக்கு இவர்கள் வகுப்பு எடுக்க வேண்டும்.

ஆக, பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்குத் தூதர் ஆசிரியர். மாத்திரை கொடுப்பவர் ஆசிரியர். பதிவேடு எழுதுபவரும் ஆசிரியர். இந்த மொத்த ஏற்பாட்டில் பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் மட்டும் ஆசிரியர் இல்லை.

டீச்சர் வேலையில் உடம்புக்கு என்ன ஆகும்?

'காலையில் போய் சாயங்காலம் வரும் வேலை, இதில் என்ன கஷ்டம்?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கே உரிய உடல் பாதிப்பு இருக்கும். டிரைவருக்கு முதுகு, தறி ஓட்டுபவருக்குக் காது என்றால், ஆசிரியருக்கு முதலில் அடி வாங்குவது தொண்டை.

அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாகாணங்களில் ஆசிரியர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவிகிதம். மற்ற வேலைகளில் இருப்பவர்களில் இது 28.8 சதவிகிதம். அதாவது இரண்டு மடங்கு. நம் ஊர் வகுப்பறையில் தலைக்கு மேல் ஃபேன் சத்தம், பக்கத்து வகுப்பின் சத்தம், வெளியே ரோட்டுச் சத்தம். இவ்வளவையும் மீறி கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி நாள் முழுவதும் பேச வேண்டும். தொண்டை கட்டினால் 'சளி பிடிச்சிருக்கு' என்று மிட்டாய் வாங்கிச் சப்பிவிட்டு அடுத்த பீரியடுக்குப் போய்விடுகிறார்கள்.

அடுத்தது கால். மணிக்கணக்கில் நின்றுகொண்டே இருந்தால் காலில் நரம்பு சுருண்டு புடைக்கும் பிரச்சினை வரும் வாய்ப்பு கூடும். பெண் ஆசிரியர்களுக்கு இன்னொரு சிக்கல் கழிப்பறை. அது சுத்தமாக இல்லையென்றால், அல்லது வகுப்பை விட்டு நகர முடியாவிட்டால், தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்றுக்கு வழி திறந்துவிடும். தண்ணீர் குறைந்தால் தொண்டையும் இன்னும் சீக்கிரம் கட்டும்.

மூன்றாவது, எந்த அறிகுறியும் காட்டாமல் வளரும் சுகரும் பிரஷரும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், வயது வந்தோரில் 35.5 சதவிகிதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதாகவும் அது கணக்கிட்டது. ஆசிரியர்களுக்கு மட்டும் இதில் விலக்கு இருக்க வாய்ப்பில்லை. மூன்றில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கும் நாட்டில், 12 பேர் இருக்கும் ஸ்டாஃப் ரூமில் எத்தனை பேருக்கு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மனச்சுமை கூடிக்கொண்டே போவது ஏன்?

கடந்த ஓராண்டு நிகழ்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்.

2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை கற்பிக்கும், ஓய்வுபெற 5 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், பணியில் தொடர வேண்டுமானால் 2 ஆண்டுகளுக்குள் டெட் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதே அது. டெட் என்ற தேர்வே இல்லாத காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். 20 வருடம் பாடம் நடத்திய ஒருவர், 45 அல்லது 50 வயதில், வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு மறுபடி தேர்வுக்குப் படிக்க வேண்டும். தீர்ப்பு சரியா தவறா என்பது தனி விவாதம். அந்த வயதில் தூக்கமும் பிரஷரும் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி.

அடுத்து எஸ்.ஐ.ஆர். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ல் தொடங்கியது. வீடு வீடாகப் போய்ப் படிவம் கொடுத்து, வாங்கி, பதிவேற்றிய பி.எல்.ஓ.க்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். பல மாநிலங்களில் பி.எல்.ஓ.க்கள் இறந்ததாகச் செய்திகள் வந்தன. தவெக தொடர்ந்த வழக்கில் டிசம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. கூடுதல் ஆட்களை நியமித்து வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், குறிப்பிட்ட காரணம் சொல்லி விலக்குக் கேட்பவர்களின் கோரிக்கையைத் தனித்தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது.

இந்த உத்தரவில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உடல்நிலையைக் காரணம் காட்டி விலக்குக் கேட்க வேண்டுமானால், கையில் மருத்துவ ஆவணம் வேண்டும். வருடக்கணக்கில் ஒரு பரிசோதனையும் செய்துகொள்ளாதவரிடம் என்ன ஆவணம் இருக்கும்? உடம்பு உண்மையிலேயே முடியாமல் இருந்தாலும், 'வேலைக்குப் பயந்து சாக்கு சொல்றாங்க' என்ற பேச்சுதான் மிஞ்சும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஆசிரியர்களைக் கற்பித்தல் அல்லாத பணிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் மூன்றுக்கும் அதே பிரிவு விலக்கு கொடுக்கிறது. அடுத்த கணக்கெடுப்பும் வந்துவிட்டது. வீடுகளைக் கணக்கெடுக்கும் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 பிப்ரவரியும் குறிக்கப்பட்டிருக்கிறது. இதற்கு நடுவே எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலை தினமும் இருக்கவே இருக்கிறது.

காப்பீடு இருக்கே, அது போதாதா?

அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2021 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் பிடித்தம். குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையும், குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் கிடைக்கும். பெண் அரசு ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பும் அதே ஆண்டில் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் உண்மையான பாதுகாப்புகள்.

ஆனால் காப்பீடு எப்போது வேலை செய்யும்? ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு. நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தால் பணம் கிடைக்கும். அதற்குப் பத்து வருடம் முன்பே ஏறிக்கொண்டிருந்த பிரஷரை யாராவது பார்த்து, 'உடனே மாத்திரையை ஆரம்பிங்க' என்று சொல்வதற்குக் காப்பீட்டில் இடமில்லை.

இந்த இடைவெளியை அரசும் உணர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனை என்ற அறிவிப்பு 2023 மார்ச்சில் வந்தது. நல்ல தொடக்கம். ஆனாலும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சுகரும் பிரஷரும் மூன்று வருடம் காத்திருக்குமா? பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகு, மருந்து சாப்பிடுகிறாரா, அளவு குறைந்ததா என்று விடாமல் கேட்பது யார்? கேட்க ஆள் இல்லாவிட்டால் முழு உடல் பரிசோதனை அறிக்கை பீரோவில் இருக்கும் இன்னொரு ஃபைல் ஆகிவிடும்.

அரசுப் பள்ளிக்கு வெளியே நிலைமை இன்னும் சிக்கல். தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் இ.எஸ்.ஐ. பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2010-ல் ஆணையிட்டது. நீண்ட வழக்குக்குப் பிறகு 2020-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை உறுதி செய்தது. ஆனால் இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதற்குக் கொஞ்சம் மேலே வாங்கும் தனியார் பள்ளி ஆசிரியருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்திலும் சேர முடியாது. ஏனென்றால் அதற்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

ஜப்பான் பள்ளிகளில் என்ன செய்கிறார்கள்?

பள்ளிக்குள்ளேயே ஆசிரியர்களின் உடல்நலத்தைச் சட்டமாக எழுதி வைத்த நாட்டுக்கு ஜப்பான் நல்ல உதாரணம். அங்கே பள்ளிகளில் 'ஹோகென்ஷிட்சு' என்ற சுகாதார அறை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள 'யோகோ' ஆசிரியர் என்று தனிப் பதவியே உண்டு. முட்டியில் அடிபட்ட மாணவருக்கு மருந்து போடுவதிலிருந்து, வகுப்புக்குப் போகப் பிடிக்காத மாணவர் வந்து உட்கார்ந்து பேசுவது வரை எல்லாம் அந்த அறையில்தான்.

அங்கே 1958-ல் பள்ளி சுகாதாரச் சட்டம் வந்தது. 2009-ல் அது விரிவாக்கப்பட்டு, பள்ளி சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. மாணவர்களைப் போலவே பள்ளியின் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. செய்தால் நல்லது என்று அறிவுரை சொல்லவில்லை. பள்ளியை நடத்துபவரின் கடமை என்றே வைத்திருக்கிறது.

அதைவிட முக்கியமானது அடுத்த வரி. பரிசோதனை முடிவைப் பார்த்து சிகிச்சைக்கு அறிவுறுத்த வேண்டும், தேவைப்பட்டால் அந்த ஊழியரின் வேலைப்பளுவைக் குறைக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அதாவது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் டீச்சரின் டைம்டேபிளை மாற்ற முடியும். நம்மூரில் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

2015 டிசம்பர் முதல் அங்கே 50 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை பார்க்கும் இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மன அழுத்தப் பரிசோதனையும் கட்டாயம். கேள்வித்தாள் வடிவில் நடக்கும் இந்தச் சோதனையின் முடிவு ஊழியருக்குத்தான் போகும். அவர் சம்மதிக்காமல் முதலாளிக்குப் போகாது.

அமெரிக்காவிலும் இந்தச் சிந்தனை உண்டு. பள்ளி சுகாதாரத்துக்காக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2014-ல் முன்வைத்த மாதிரியில் 10 அங்கங்கள். ஊட்டச்சத்து, உடற்பயிற்சி ஆகியவற்றோடு 'பணியாளர் நலம்' என்பதும் அதில் ஒன்று.

ஜப்பானில் எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

2023-ஆம் கல்வியாண்டில் மனநலப் பாதிப்பு காரணமாக நீண்ட விடுப்பில் போன ஜப்பான் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை 7,119. அந்நாட்டுக் கல்வி அமைச்சகமே வெளியிட்ட கணக்கு இது. 7,000-ஐத் தாண்டியது அதுவே முதல்முறை. முந்தைய ஆண்டில் 6,539.

சுகாதார அறை இருக்கிறது, ஆண்டுப் பரிசோதனை இருக்கிறது, அப்புறம் எப்படி? காரணம் வேலை நேரம். 1971-ல் வந்த ஒரு சட்டப்படி, அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓவர்டைம் சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாக அடிப்படைச் சம்பளத்தில் 4 சதவிகிதம் கூடுதலாகக் கொடுத்துவந்தார்கள். எவ்வளவு நேரம் வேலை வாங்கினாலும் செலவு அவ்வளவுதான் என்பதால், மாலை விளையாட்டுப் பயிற்சி, கூட்டங்கள், ஆவணங்கள் என்று வேலை கூடிக்கொண்டே போனது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2025 ஜூனில் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. கூடுதல் தொகையைப் படிப்படியாக 10 சதவிகிதமாக உயர்த்தவும், வேலை நேரத்தைக் குறைக்கத் திட்டம் போடவும் முடிவானது.

பரிசோதனை எங்கே அடைப்பு என்று காட்டும். அடைப்பை எடுப்பது வேறு வேலை. இரண்டாவதைச் செய்யாவிட்டால், எத்தனை பேருக்கு உடம்பு முடியவில்லை என்ற எண்ணிக்கை மட்டும் துல்லியமாகக் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இது சாத்தியமா?

பள்ளிக்கு ஒரு நர்ஸ் என்பது நாளைக்கே நடக்காது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இருப்பது முதலுதவிப் பெட்டி மட்டும்தான். ஆனால் இருக்கும் ஏற்பாடுகளை வைத்தே செய்யக்கூடியது நிறைய உண்டு.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரே சிக்கல், அவர்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில் டீச்சர் பள்ளியில் இருப்பார். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இதே பிரச்சினை என்பதால்தான், 2024 ஜனவரியில் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று தொழிற்சாலைகளுக்கே போகும் திட்டம் வந்தது. தொழிற்சாலைக்குப் போக முடிந்தால் பள்ளிக்கும் போகலாம். அதுவும் வேலை செய்யும் இடம்தானே?

பள்ளியில் ஒரு சுகாதார ஏற்பாடு ஆசிரியர்களுக்காக என்னென்ன செய்யலாம்?

1. ஒரே நாள், ஒரே குழு: மாணவர்களைப் பார்க்க வரும் மருத்துவக் குழு, கூடவே ஆசிரியர்கள், பணியாளர்களின் பிரஷர், சுகரையும் பார்க்கலாம். ஒரு ஆளுக்குச் சில நிமிடங்கள் போதும். அதிக அளவு இருப்பவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைத்து, மாதாமாதம் தொடரலாம்.

2. ரகசியம்: இது இல்லையென்றால் யாரும் கையை நீட்ட மாட்டார்கள். முடிவு ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிய வேண்டும். ஹெச்.எம். மேசைக்கோ, ஸ்டாஃப் ரூம் பேச்சுக்கோ, வாட்ஸ்அப் குரூப்புக்கோ வரக் கூடாது. இடமாறுதலுக்கும் பதவி உயர்வுக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

3. குரல்: பெரிய வகுப்புகளுக்கு இடுப்பில் மாட்டும் சிறிய மைக் வாங்கலாம். ஒரே ஆசிரியருக்குத் தொடர்ந்து நான்கு பீரியட் வராமல் டைம்டேபிள் போடலாம். இரண்டாவதற்குச் செலவே இல்லை.

4. அவசரம்: ஒரு ஆசிரியர் மயங்கி விழுந்தால் முதலில் யார் 108-க்கு அழைப்பது, யார் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்வது என்று முன்பே பெயர் குறித்து, பயிற்சியும் கொடுத்திருக்க வேண்டும். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு முதல் கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும்கூடக் கிடைக்கும். தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இழக்கும் நேரத்தை இது மிச்சப்படுத்தும். இந்தத் தகவல் பள்ளிச் சுவரில் இருக்க வேண்டும்.

5. திரும்பி வருபவர்கள்: ஆபரேஷன், பிரசவம், புற்றுநோய்ச் சிகிச்சை, மனநலச் சிகிச்சை முடிந்து வருபவருக்கு முதல் சில வாரங்கள் மாடி வகுப்பு வேண்டாம், பாடவேளை குறைவாக இருக்கட்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அதைச் செய்ய ஒரு நடைமுறை வேண்டும். இப்போது இது பெரும்பாலும் ஹெச்.எம்.மின் நல்ல மனசைப் பொறுத்தது.

6. சமையலறையும் கழிப்பறையும்: ஆசிரியர் நலம் பற்றிப் பேசும்போது எப்போதும் விட்டுப்போவது இவர்கள்தான். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கும் சத்துணவு உதவியாளர், காலை உணவு சமைக்க இருட்டோடு எழுந்து வரும் சுய உதவிக் குழுப் பெண், ஆசிட் ஊற்றிக் கழுவும் துப்புரவுப் பணியாளர். உணவைக் கையாளுபவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. ஆனால் அதன் நோக்கம், அவர்களிடமிருந்து சாப்பாட்டுக்குத் தொற்று போகக் கூடாது என்பது. அவர்களின் முதுகுவலியும் தீக்காயமும் அந்தப் படிவத்தில் வராது.

'டாக்டர்களே பற்றவில்லை, இதில் டீச்சருக்குத் தனியா?'

நியாயமான கேள்விதான். மருத்துவக் குழுவுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். ஆனால் பிரஷரும் சுகரும் பார்க்க டாக்டர் தேவையில்லை, பயிற்சி பெற்ற பணியாளரே போதும். மக்களைத் தேடி மருத்துவம் நடப்பதும் அப்படித்தான்.

'மற்ற வேலை பார்ப்பவர்களுக்கு இல்லாத சலுகை ஆசிரியருக்கு ஏன்?' என்றும் கேட்கலாம். சலுகை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவக் குழு ஏற்கெனவே வந்து போகும் இடம், எல்லா ஊரிலும் இருக்கும் இடம் பள்ளி. அதனால் தொடங்குவது எளிது. தவிர, ஓராசிரியரோ ஈராசிரியரோ மட்டும் இருக்கும் தொடக்கப் பள்ளியில் ஒரு டீச்சர் மூன்று மாதம் படுத்துவிட்டால் என்ன ஆகும்? இருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்துச் சமாளிப்பார். நஷ்டம் பிள்ளைகளுக்கு. ஆசிரியர் நலத்துக்குச் செலவிடுவதும் ஒரு வகையில் மாணவர்களுக்கான செலவுதான்.

ஆசிரியர்கள் இப்போதே என்ன செய்யலாம்?

* அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அறிகுறி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள். பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து காட்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

* குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மிட்டாயோடு நிறுத்தாமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

* மனசு கனமாக இருந்தால், தூக்கம் வரவில்லை என்றால், 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண் இது. தமிழிலேயே பேசலாம்.

* பரிசோதனை ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கும் உதவும், பணி விலக்குக் கேட்க வேண்டி வந்தாலும் உதவும்.

மொத்தத்தில்...

தனி ஒருவர் கவனமாக இருப்பது அவசியம். ஆனால் 'யோகா பண்ணுங்க, தண்ணி குடிங்க' என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, கழிப்பறையும் டைம்டேபிளும் கூடுதல் பணிகளும் அப்படியே இருந்தால் பலன் இருக்காது. தமிழ்நாட்டிடம் காப்பீடு இருக்கிறது, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு இருக்கிறது, வேலை செய்யும் இடத்துக்கே போகும் திட்டமும் இருக்கிறது. இந்த மூன்றையும் இணைக்கும் ஓர் அரசாணை வர வேண்டும். பரிசோதனையில் பிரச்சினை தெரிந்தால் வேலைப்பளு குறைக்கப்படும் என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும்.

கணக்கெடுப்புப் பணி, டெட் தேர்வுக் கெடு இரண்டும் 2027-ல் வந்து முடிகின்றன. அதற்குள் மருத்துவக் குழு எத்தனையோ பள்ளிகளுக்கு வந்து போகும். அந்தக் குழுவின் பதிவேட்டில் மாணவர்கள் பட்டியலுக்குக் கீழே பள்ளிப் பணியாளர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும், வேலை தொடங்கிவிடும்.